வகுப்பறையா, நீதிமன்றமா: அமெரிக்க சட்டக் கல்லூரி ஃபெல்லோஷிப்களில் எதை எடுப்பது?

சட்டம் படித்து நாலைந்து வருடம் வழக்காடியவர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் இரண்டு ஆசையும் சேர்ந்தே வரும். பாடம் நடத்த வேண்டும் என்று தோன்றும். ஆனால் கட்சிக்காரரை விட்டுவிட்டு வரவும் மனம் ஒப்பாது. அமெரிக்க சட்டக் கல்லூரிகள் இப்படிப்பட்டவர்களுக்கு 'ஃபெல்லோஷிப்' என்ற ஒரே பெயரில் நாலைந்து விதமான வேலைகளைத் தருகின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால்தான் குழப்பமே. ஒன்றில் நீங்கள் கட்டுரை எழுதும் வருங்காலப் பேராசிரியர். இன்னொன்றில் மாணவர்களோடு நீதிமன்றம் போகும் வழக்கறிஞர். மற்றொன்றில் கல்லூரிக்கே போக வேண்டியதில்லை. சம்பளம், வரி, கல்விக் கடன், அடுத்த வேலை எல்லாமே இதைப் பொறுத்து மாறும்.

நான் சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் நான்கு வருடம் இருந்துவிட்டு, ஒரு கல்லூரியின் கிளினிக்கில், அதாவது சட்ட மாணவர்கள் மேற்பார்வையின் கீழ் நிஜ வழக்குகளை நடத்தும் பிரிவில், இரண்டு வருடம் ஃபெல்லோவாக இருந்தவள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது கூப்பிட்டு, "அக்கா, ரெண்டு இடத்துல கிடைச்சிருக்கு, எதை எடுக்கட்டும்?" என்று கேட்பார்கள். இந்த வருடம் கேட்டவள் குற்றவியல் வழக்குகளில் மூன்று வருடம் நின்றவள். ஒரு கையில் முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பாடம் நடத்தும் ஃபெல்லோஷிப், மறு கையில் கிளினிக் ஃபெல்லோஷிப். அவளுக்குச் சொன்னதையே விரித்து எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் எது என்று இன்னும் முடிவு செய்யாதவருக்கு கிளினிக்தான் நல்லது, நியமனக் கடிதத்தில் சில வரிகள் சரியாக இருந்தால்.

முதலில் பேராசிரியர் ஆவதற்கென்றே இருக்கும் ஃபெல்லோஷிப்கள். ஹார்வர்டின் கிளைமென்கோ, சிகாகோவின் பிகலோ, ஸ்டான்ஃபோர்டின் தாமஸ் கிரே ஆகியவை இந்த வகையில் பேர்போனவை. மூன்றிலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். முதலாண்டு மாணவர்களுக்கு சட்ட ஆய்வும் எழுத்தும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மீதி நேரத்தில் சொந்த ஆய்வுக் கட்டுரையை எழுத வேண்டும். கொலம்பியாவில் இதற்கு 'அசோசியேட்' என்று பெயர். யேல் இன்னும் ஒரு படி போய், ஜே.டி. என்ற அமெரிக்கச் சட்டப் பட்டம் முடித்தவர்களுக்கென்றே சட்டத்தில் முனைவர் பட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் அணி 2013-ல் சேர்ந்தது.

இந்த வகையில் சேர நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கடிதத்தில் இரண்டு வருடம் என்று இருக்கும். ஜூலையில் சேர்கிறீர்கள். ஆசிரியர் வேலைக்கான பதிவேட்டை நடத்துவது 1900-ல் தொடங்கிய அமெரிக்க சட்டக் கல்லூரிகள் சங்கம். அந்தப் பதிவேட்டில் உங்கள் விவரம் ஆகஸ்டில் கல்லூரிகளுக்குப் போகும். அதாவது இரண்டாம் வருடம் பிறக்கும்போதே நீங்கள் வேலைச் சந்தையில் நிற்கிறீர்கள். அதற்குள் ஒரு கட்டுரையாவது நல்ல சட்ட இதழில் இடம்பிடித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான சட்ட இதழ்களை நடத்துவது மாணவர்கள். அவர்கள் கட்டுரைகளை எடுப்பது பெரும்பாலும் இரண்டு பருவங்களில், ஒன்று பிப்ரவரி வாக்கில், இன்னொன்று ஆகஸ்ட் வாக்கில். ஆக, சேர்ந்த ஏழாவது மாதத்தில் கட்டுரை கையில் தயாராக இருக்க வேண்டும். அந்த ஏழு மாதத்தில்தான் ஒரு வகுப்பு மாணவர்கள் அனைவரும் எழுதும் சட்டக் குறிப்புரைகளையும் வரிவரியாகத் திருத்திக் கொடுக்கவும் வேண்டும்.

அதனால் பாதி எழுதிய கட்டுரையோடு வருபவர்களுக்கு இந்த ஃபெல்லோஷிப் வரம். வந்து யோசித்துக்கொள்ளலாம் என்று வருபவர்களுக்கு இரண்டு வருடமும் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். முன்பெல்லாம் அக்டோபரில் வாஷிங்டன் ஹோட்டல் அறைகளில் அரைமணி நேர நேர்காணல்கள் நடக்கும். பெருந்தொற்றுக்குப் பிறகு முதல் சுற்று காணொளித் திரைக்கு மாறிவிட்டது. ஆனால் கேள்வி மாறவில்லை. "உங்கள் அடுத்த கட்டுரை எதைப் பற்றி?" என்றுதான் கேட்பார்கள். எத்தனை வழக்கில் நின்றீர்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்தத் தங்கைக்கு இதைச் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. மூன்று வருட நீதிமன்ற அனுபவம்தான் தன் பலம் என்று அவள் நினைத்திருந்தாள். அது பலம்தான், ஆனால் அதற்கு மதிப்பு வேறு கடையில்.

அந்தக் கடைதான் கிளினிக். இதன் கதையைச் சொல்ல ஜார்ஜ்டவுனில் தொடங்குவது நியாயம். வாஷிங்டனில் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வாதாட இளம் வழக்கறிஞர்களைப் பழக்கும் ஈ. பாரெட் பிரெட்டிமன் ஃபெல்லோஷிப் அங்கே 1960-ல் தொடங்கியது. குற்ற வழக்கில் வழக்கறிஞர் வைக்க முடியாதவருக்கு மாநிலமே வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கிடியன் வழக்கில் சொன்னது 1963-ல். தீர்ப்பு வருவதற்கு மூன்று வருடம் முன்பே ஒரு சட்டக் கல்லூரி அந்த வேலைக்கு ஆட்களைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டது. பெயருக்குரிய பிரெட்டிமன், வாஷிங்டன் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அந்த ஃபெல்லோஷிப்பின் வடிவம் எனக்கு இன்றும் மிகச் சரியாகப் படுகிறது. முதலில் ஃபெல்லோ தானே வழக்குகளை எடுத்து நடத்த வேண்டும். அதன் பிறகுதான் மாணவர்களை மேற்பார்வையிட வேண்டும். தான் செய்யாததை யாரும் அங்கே சொல்லிக்கொடுப்பதில்லை.

1968-ல் ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் உருவான ஓர் அமைப்பு நாடு முழுக்க கிளினிக்குகளுக்கு நிதி கொடுத்தது. 2014-ல், சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஆறு கிரெடிட் (பாட அலகு) அளவுக்கு நேரடிப் பயிற்சி பெற வேண்டும் என்று விதி செய்தது. கல்லூரிகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டதில் இந்த விதிக்கும் பங்கு உண்டு.

ஜார்ஜ்டவுனில் இன்று கிளினிக் ஃபெல்லோஷிப் வழக்கமாக இரண்டு வருடம். முடிவில் வழக்காடலில் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் பட்டம் கிடைக்கும், அதற்குக் கல்விக் கட்டணம் கிடையாது. எப்படிக் கற்பிப்பது என்பதற்கே ஃபெல்லோக்களுக்கு ஒரு பாடம் உண்டு. தஞ்சம் கேட்பவர்களுக்கான கிளினிக், குடும்ப வன்முறை கிளினிக், மேல்முறையீட்டு கிளினிக் என்று தனித்தனியாக ஆள் எடுப்பார்கள். 1972-ல் அங்கே தொடங்கிய 'ஸ்ட்ரீட் லா'வில் சட்ட மாணவர்கள் நகரத்துப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனவே ஒரே கல்லூரி என்பதற்காக ஒரே வேலை என்று நினைத்துவிடக் கூடாது. எந்த கிளினிக், யார் இயக்குநர் என்பதுதான் கேள்வி.

அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு நான் இருந்த கிளினிக்கிலிருந்து ஒரு மதியத்தைச் சொல்கிறேன். தஞ்சம் கேட்டு வந்த ஒரு பெண்மணி. எதிரே இரண்டு மாணவர்கள். நான் ஓரமாக, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். 1996-ல் வந்த சட்டப்படி, நாட்டுக்குள் வந்த ஒரு வருடத்துக்குள் தஞ்ச மனு போட வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது. அதனால் வந்த தேதி உயிர்நாடி. மாணவன் கேட்டான். "வெயில் குறையத் தொடங்கிய நேரம்" என்றார் அவர். மாணவன் அதையே இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகக் கேட்டான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடமாக அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். மேசைக்குக் கீழே முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். மாணவன் பேனாவைக் கீழே வைத்தான். "வந்த அன்னைக்கு ராத்திரி யார் வீட்டுல தங்கினீங்க?" என்று கேட்டான். அத்தை மகள் வீட்டில் என்றார். அந்த வீட்டுக் குழந்தைக்கு மறுநாள் முதல் பிறந்தநாள், கேக் வெட்டியது நினைவிருக்கிறது என்றார். தேதி கிடைத்துவிட்டது. அதை அவன் கண்டுபிடித்தான் என்பதுதான் முக்கியம். இனி நான் இல்லாத அறையிலும் அவனால் அப்படிக் கேட்க முடியும்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது உங்களுக்குப் பிடிக்குமா, அல்லது தாங்க முடியாத வேதனையாக இருக்குமா? கிளினிக் ஃபெல்லோஷிப் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். வழக்கை ஜெயிப்பதில் மட்டும் மகிழ்ச்சி காண்பவர்களுக்கு மேற்பார்வை வேலை சுமை. அவர்கள் வழக்காடும் ஃபெல்லோஷிப்களுக்குப் போவது எல்லோருக்கும் நல்லது. அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மாணவர் நீதிமன்றத்தில் பேசுவது மாணவர் வழக்காடும் விதியின் கீழ், மேற்பார்வையாளரின் உரிமத்தின் நிழலில். மனுவில் உங்கள் பெயர் இருக்கும். காலக்கெடு தவறினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். விசாரணைத் தேதிகள் செமஸ்டரைப் பார்த்து வருவதில்லை. மே மாதம் மாணவர்கள் போய்விடுவார்கள், வழக்குகள் போகாது. கோடை முழுக்க எழுதலாம் என்று நினைத்து வந்த ஃபெல்லோ, பன்னிரண்டு கோப்புகளோடு தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கிளினிக் பேராசிரியர் வேலைக்கும் இப்போது பல கல்லூரிகள் கட்டுரை கேட்கின்றன. கற்பிக்கும் முறையைப் பற்றி எழுதுவதற்கு 1994-லிருந்து 'கிளினிக்கல் லா ரிவ்யூ' என்ற இதழே இருக்கிறது. ஆனால் எழுத நேரம் வேண்டுமே. கோடையில் எத்தனை வாரம் வழக்கு இல்லாமல் எழுதலாம், அந்த வாரங்களில் கோப்பை யார் பார்ப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லில் நிறுத்தாதீர்கள்.

முடித்த பிறகு கிடைக்கும் வேலையிலும் ஏற்ற இறக்கம் உண்டு. சில கல்லூரிகளில் கிளினிக் ஆசிரியரும் மற்றப் பேராசிரியரைப் போலவே நிரந்தரப் பணியில் இருப்பார். சில இடங்களில் அதற்கு நிகரான நீண்ட ஒப்பந்தம். அந்தப் பாதுகாப்பை வழக்கறிஞர் சங்கத்தின் 405-ஆம் தரவிதி பேசுகிறது. இன்னும் சில இடங்களில் நிதி தீரும் வரைதான் வேலை.

இனி பணம். இதில்தான் நான் அடிபட்டேன். விளம்பரத்தில் தொகை மட்டும் பெரிதாகத் தெரியும். அது ஊழியருக்குத் தரும் சம்பளமா, மாணவருக்குத் தரும் உதவித்தொகையா என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும். 2007-ல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தின்படி, அரசிலோ லாபநோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேர ஊழியராக இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மிச்சமுள்ள கூட்டாட்சிக் கல்விக் கடன் தள்ளுபடியாகும். சட்ட உதவி அலுவலகத்தில் இருந்த நான்கு வருடமும் எனக்கு ஒழுங்காகக் கணக்கில் ஏறின. கிளினிக்கில் சேர்ந்ததும் என்னை எல்.எல்.எம். மாணவியாகவும் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவைப் பார்த்து என் கடன் தானாகவே படிப்புக்கால ஒத்திவைப்புக்குப் போய்விட்டது. ஒத்திவைப்பில் இருக்கும் மாதம் 120-ல் சேராது. எனக்கு அது தெரிய வந்தபோது பதினான்கு மாதம் போயிருந்தது. ஒத்திவைப்பு வேண்டாம் என்று ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தால் போதும், யாரும் சொல்லவில்லை. அதோடு, ஊழியர் என்ற அந்தஸ்தே இல்லாமல் வெறும் உதவித்தொகை வாங்கும் ஃபெல்லோவுக்கு அந்த விண்ணப்பமும் கைகொடுக்காது. இதைப் படிப்பவர் யாருக்காவது அந்தப் பதினான்கு மாதம் மிஞ்சினால் எனக்கு நிம்மதி.

வரியும் அப்படித்தான். உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கான பகுதிக்கு வரி இல்லை, ஆனால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கும் பகுதிக்கு வரி உண்டு. ஊழியர் சம்பளத்தில் பிடிப்பதுபோல் இதில் பெரும்பாலும் முன்கூட்டியே பிடிக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நீங்களே கட்ட வேண்டும். தொகையை ஒப்பிடும்போது மருத்துவக் காப்பீடு யார் தலையில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வழக்காடுவதுதான் என் வாழ்க்கை என்று தெளிவாக இருப்பவர்களுக்கு ஸ்கேடன், ஈக்வல் ஜஸ்டிஸ் வொர்க்ஸ் போன்றவை. முதலாவதை 1988-ல் ஒரு பெரிய சட்ட நிறுவனம் தொடங்கியது. இரண்டாவது, 1986-ல் சட்ட மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பின் இன்றைய பெயர். இரண்டிலும் திட்டம் உங்களுடையது. எந்த ஏழை மக்களுக்கு, எந்தச் சிக்கலில், எந்த அமைப்போடு சேர்ந்து வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுத்தால், இரண்டு வருடச் சம்பளம் அவர்கள் பொறுப்பு. இந்த யோசனைக்கு முன்னோடி 1967-ல் அரசின் சட்ட உதவித் திட்டம் தொடங்கிய ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் ஃபெல்லோஷிப். அதில் வந்தவர்களை 'ரெஜி' என்றே அழைத்தார்கள்.

இங்கே ஒரு வரிசை இருக்கிறது. ஸ்கேடன், படிப்பின் கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கும் நீதிபதியிடம் கிளார்க்காக, அதாவது சட்ட ஆய்வு உதவியாளராக, இருந்து வெளியே வருபவர்களுக்கும்தான். கிளினிக்குகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடமாவது வழக்காடியவர்களைத் தேடும். பேராசிரியர் வகை ஃபெல்லோஷிப்புக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கும், கையில் கட்டுரை இருந்தால். எனவே இன்னும் படித்துக்கொண்டிருப்பவர் இவற்றை எதிரெதிராக வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. முதலில் வழக்காடும் ஃபெல்லோஷிப், பிறகு கிளினிக், அங்கே கட்டுரை என்று போகலாம். தலைகீழாகப் போவதுதான் கடினம்.

இவை தவிர இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தன் சொந்தப் பட்டதாரிகளுக்குக் கல்லூரியே சம்பளம் கொடுத்து, ஒரு வருடம் வெளி அமைப்பு ஒன்றில் வேலை செய்யவைக்கும் ஃபெல்லோஷிப்கள் உண்டு. வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டவே இவை என்று ஒரு காலத்தில் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. 2015-ல் வழக்கறிஞர் சங்கம் விதியை இறுக்கியது. குறைந்தது ஒரு வருடமும் ஆண்டுக்கு 40,000 டாலரும் இருந்தால்தான் அதை நீண்டகால வேலையாகக் காட்ட முடியும். கையில் வேறொன்றும் இல்லாதபோது தாராளமாக எடுங்கள். ஆனால் சேரும் அமைப்பு உங்களைப் பிறகு வைத்துக்கொள்ளுமா என்று முதல் வாரமே கேளுங்கள். அடுத்தது ஆய்வு மையங்களின் கொள்கை ஃபெல்லோஷிப்கள். ஜார்ஜ்டவுனிலேயே சுகாதாரச் சட்டத்துக்கு ஓ'நீல் நிறுவனம் இருக்கிறது. பெண்கள் சட்டம், பொதுக்கொள்கைக்கு 1983-லிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. ஒரு துறையில் ஏற்கெனவே ஊறியவருக்கு இவை அருமையான இடங்கள். துறை தேடுபவருக்கு அல்ல.

வெளிநாட்டில் சட்டம் படித்து, இங்கே எல்.எல்.எம். முடித்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உரிமம். நியூயார்க்கின் 520.6 விதியின்படி, தகுதியுள்ளவர்கள் 24 கிரெடிட் எல்.எல்.எம். முடித்து, வழக்கறிஞர் உரிமத்துக்கான 'பார்' தேர்வு எழுதலாம். ஆனால் கிளினிக்கில் மாணவர்களை மேற்பார்வையிட, அந்த நீதிமன்றத்தில் நிற்கும் உரிமை வேண்டும். குடிவரவு வழக்குகள் கூட்டாட்சி அமைப்பில் நடப்பதால் எந்த மாநில உரிமமும் அங்கே செல்லும். அதனால் தஞ்ச கிளினிக்குகள் உங்களுக்குத் தோதானவை. விசாவில் கல்லூரிக்கு ஒரு அனுகூலம் உண்டு. பல்கலைக்கழகம் ஊழியராக எடுத்தால் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் நிற்க வேண்டாம். ஆனால் வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்புக்குப் பிறகு, கல்லூரிகள் தயங்குகின்றன. நேர்காணலிலேயே இதைப் பேசிவிடுங்கள்.

கடைசியாக, எந்தக் கல்லூரியானாலும் கடந்த மூன்று ஃபெல்லோக்களின் பெயரைக் கேட்டு வாங்கி, அவர்களோடு நேரில் பேசுங்கள். இப்போது என்ன வேலை, எத்தனை பக்கம் எழுதி முடித்தீர்கள், கோடையில் கோப்புகளை யார் பார்த்தார்கள், இயக்குநர் உங்கள் வரைவைப் படித்தாரா? இந்த நான்கு கேள்வி போதும். பெயர் தரத் தயங்கும் இடத்தில் நான் சேர மாட்டேன்.

அந்தத் தங்கை மூன்று பேரிடமும் பேசிவிட்டாள். இரண்டு பேர் இப்போது கிளினிக் ஆசிரியர்கள், ஒருவர் ஏழைகளுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர் அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விட்டார். மூவருமே இயக்குநரை நன்றாகச் சொன்னார்களாம். நியமனக் கடிதத்தில் 'உதவித்தொகை' என்று இருக்கும் இடத்தில் 'ஊழியர் சம்பளம்' என்று மாற்றவும், கோடையில் எட்டு வாரம் எழுத்துக்கு ஒதுக்கவும் கேட்டு நேற்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். எழுத்துப் பாட ஃபெல்லோஷிப்புக்குப் பதில் சொல்ல அவளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.